கிளிநொச்சியா, வவுனியாவா? மச்சானோடு கோபிக்காமல் இரண்டு பட்டினங்களை அளக்கும் முறை

சித்திரை வருசத்துக்கு மாமி வீட்டில் சாப்பிட்டு முடிய, நான் கை கழுவி வருவதற்குள் மச்சான் தொடங்கிவிடுவான். “அத்தான், உங்கட கிளிநொச்சியில இப்பவாவது ஒரு நல்ல சப்பாத்துக் கடை வந்திட்டுதோ, இல்லாட்டி இன்னும் இஞ்ச வந்துதான் வாங்கிறியளோ?” அவனுக்கு வைரவபுளியங்குளத்தில் போட்டோக்கொப்பிக் கடை. ரியூசனுக்கு வரும் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து வவுனியாதான் உலகத்தின் நடு என்று நினைக்கிறான். நான் பிறந்தது கிளிநொச்சிப் பக்கத்து உருத்திரபுரம், பெண் எடுத்தது வவுனியாவின் தோணிக்கல். ஹாட்வெயார் சாமான் விற்கும் கொம்பனி ஒன்றுக்கு ரெப் ஆக 2010இலிருந்து, இலங்கையின் வடக்கில் இந்த இரண்டு ஊருக்குள்ளாலும் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் ஏறி இறங்குகிறேன். இரண்டு பக்கமும் அடி வாங்கத் தோதான ஆள்.

இந்தச் சண்டையை நிறுத்த ஏலாது. ஆனால் ஒழுங்காகப் பிடிக்கலாம். பல வருசம் பிழையாகப் பிடித்த பிறகு நான் கண்டுகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சி, வவுனியாவுக்கு மட்டுமில்லை, உங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் வழக்கு இருந்தால் அதற்கும் இது செல்லும்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். மாவட்டமா, பட்டினமா? எங்கள் சண்டையில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் வவுனியா மாவட்டத்தில் 172,115 பேர், கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர். மச்சான் இதைக் கைபேசியில் எடுத்து முகத்துக்கு முன்னால் பிடிப்பான். ஆனால் அந்த வவுனியாவுக்குள் நெடுங்கேணியும் செட்டிகுளமும் இருக்கின்றன. அங்கே யானை வரும், சப்பாத்துக் கடை வராது. என்னுடைய கணக்குக்குள் பூநகரியும் பளையும் இருக்கின்றன. மாவட்டத்துத் தொகையை வைத்துப் பட்டினத்தைக் கதைப்பது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு அடுப்படியின் நீள அகலம் சொல்வது போல.

சரி, பட்டினத்து ஆட்களை மட்டும் எடுப்போம் என்றால் அங்கே இன்னொரு பொறி. எங்கள் நாட்டுப் புள்ளிவிபரத்தில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள்தான் நகரவாசிகள். பிரதேச சபைக்குள் இருப்பவர் மூன்று மாடி வீட்டில் குளிரூட்டி போட்டுக்கொண்டு இருந்தாலும் கிராமவாசி. கிளிநொச்சிப் பட்டினம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. ஆகவே 2012 கணக்கின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் நகரவாசி என்று ஒரு ஆள்கூட இல்லை. வவுனியாவில் அப்போது நகர சபை இருந்தது, இப்போது மாநகர சபையாகிவிட்டது. இது பட்டினத்தின் அளவைச் சொல்லும் கணக்கு இல்லை, பெயர்ப்பலகையின் கணக்கு. எனவே எல்லையை நீங்களே கீறுங்கள். நான் கிளிநொச்சிக்குக் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை எடுக்கிறேன். வவுனியாவில் மணிக்கூட்டுக் கோபுரத்தை நடுவில் வைத்து மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி, புகையிரத நிலைய வீதி மூன்றிலும் அதே தூரம் நடக்கிறேன். மச்சான் தாண்டிக்குளத்தையும் சேர்க்கச் சொல்கிறான். சேர்த்தால் நான் பரந்தனைச் சேர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது, எந்த வருசத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்பது. இங்கேதான் கிளிநொச்சிக்காரர் எல்லாரும் பிழை விடுகிறோம், நானும் விட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்த 2009இலிருந்து எண்ணினால் எங்கள் வளர்ச்சிக்கு ஈடு இணை இல்லை. 2009இல் அங்கே என்ன இருந்தது? தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது, கூரை இல்லாத சுவர்கள் நின்றன, சனம் முழுக்க மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள். பூச்சியத்திலிருந்து எண்ணினால் ஒரு பெட்டிக்கடை திறந்தாலும் மடங்குக் கணக்கில் வளர்ச்சிதான்.

1981க்குப் போங்கள். அந்தக் கணக்கெடுப்பில் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல்தான் தனி மாவட்டம் ஆனது. ஆனால் அந்தப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர் இருந்தார்கள். இரண்டும் சரிசமம். அதற்குப் பிறகு முழு நாட்டிலும் நடந்த கணக்கெடுப்பு 2012இல்தான். இடைப்பட்ட 31 வருசத்தில் ஒன்று மற்றதை இவ்வளவு தூரம் முந்தியிருக்கிறது. ஏன் என்று கேட்காமல் யார் பெரிது என்று கேட்பதில் பிரயோசனமில்லை.

என்னுடைய பதில் தண்டவாளத்தில் இருக்கிறது. இதை விளங்க எனக்குக் காசு செலவானது.

2013 செப்டெம்பர் 14, யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்கு வந்த நாள். சனம் ஸ்டேசனில் கற்பூரம் கொளுத்தாத குறை. அடுத்த கிழமையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சனம் பஸ்ஸில் வந்து கிளிநொச்சியில் இறங்கி ரயில் ஏறியது. ஓட்டோக்காரருக்கு நேரமில்லை, சாப்பாட்டுக் கடைகளில் கொத்துச் சத்தம் நிற்கவில்லை, வீதி முகப்பில் எங்கே பார்த்தாலும் கல்லறுத்துக் கடை கட்டினார்கள். நான் பார்த்துவிட்டு எனது டீலர் ஒருவரிடம் “அண்ணை, இந்த மாரிக்குள்ள ரோலர் ஷட்டர் இல்லாமல் அடிபடுவாங்கள், இப்பவே எடுத்து வையுங்கோ” என்றேன். அவர் நம்பி எடுத்தார். 2014 மார்ச்சில் ரயில் பளைக்குப் போனது. ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. கிளிநொச்சியில் இப்போது வண்டி சில நிமிடம் நின்று போகிறது. அந்த ஷட்டர்கள் அவருடைய கடைப் பின்பக்கத்தில் இரண்டு மாரி நனைந்தன. அந்த மனுசன் இன்றைக்கும் என்னைக் கண்டால், “தம்பி, ரயில் வேற எங்கயும் வருதோ?” என்றுதான் கேட்பார்.

வவுனியாவைப் பாருங்கள். 1990இலிருந்து கிட்டத்தட்ட இருபது வருசம் வடக்குக்கான ரயில் அங்கேதான் முடிந்தது. கொழும்பிலிருந்து வந்தவன் அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும். பயணம் செய்யப் பாஸ் எடுக்க நின்றவன், பாதை திறக்கும் வரைக்கும் நின்றவன், 1995க்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்து பூந்தோட்டத்தில் இருந்தவன், எல்லாரும் அந்த ஊரில் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முடிவிடமாக இருப்பதால் ஒரு ஊருக்குக் கிடைப்பதை எங்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், அவர்களுக்கு இருபது வருசம் கொடுத்தார்கள். யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. மச்சானின் பெருமையில் பெரும்பங்கு மற்றவர்களின் அலைச்சலில் வந்தது என்று நான் சொல்வேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருப்பான்.

ஆகவே நின்று போகிற கூட்டத்தையும் இருந்துவிடுகிற கூட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனம் எல்லாம் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். அந்தக் கச்சான் கடைகளை எண்ணி முறிகண்டி ஒரு மாநகரம் என்று சொல்வீர்களா? ஏ-9இன் இரண்டு பக்கமும் உள்ள முன்வரிசைக் கடைகளில் பாதி அந்த வகைதான். பஸ் நிலையத்திலும் இதே விதி. வந்து பத்து நிமிடம் நின்று போகும் பஸ்ஸை விடுங்கள், அங்கிருந்தே வெளிக்கிடும் பஸ்ஸை மட்டும் எண்ணுங்கள். வவுனியாவுக்கு மன்னார்ப் பக்கமும் ஹொரவப்பொத்தானைப் பக்கமும் பெரிய வீதிகள் போவதால் அந்தக் கணக்கில் எங்களால் கிட்டவும் போக ஏலாது. இதை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இனி நடக்க வேண்டும். ஒரு கொப்பி, ஒரு பென்சில், கழற்றி உதறக்கூடிய செருப்பு. பென்சில் ஏன் என்றால் மாரியில் பேனை எழுதாது.

முன்வரிசையை எண்ணுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் திரும்பி ஐம்பது காலடி வைத்து நின்று, கண்ணில் படும் முதலாவது பொருளை எழுதுங்கள். கடை, வீடு, முட்கம்பி அடித்த வெறும் வளவு, வயல், வாய்க்கால், மதில். இந்த இரண்டாவது வரிசைதான் பட்டினம். வவுனியாவில் பசார் வீதிக்குப் பின்னாலும் கடை இருக்கும், அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு தையல்காரர், அவருக்கு மேல்மாடியில் ஒரு கணக்காளர், அவருக்குப் பக்கத்தில் பல் வைத்தியர். கிளிநொச்சியில் முகப்புக் கண்ணாடிக் கட்டிடத்தைத் தாண்டி ஐம்பது அடி வைத்தால் கனக்க இடத்தில் தென்னை வளவு, இன்னும் ஐம்பது வைத்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். நாங்கள் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறோம், அவர்கள் ஆழத்துக்கு. ரோட்டில் வாகனத்துக்குள் இருந்து பார்ப்பவனுக்கு நீளம்தான் தெரியும். அதனால்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் எல்லாம், “கிளிநொச்சி என்னமாய் மாறிப்போச்சு” என்கிறார்கள்.

மூன்று நேரம் எண்ணுங்கள்: காலை பத்து மணி, பின்னேரம் ஆறு மணி, இரவு எட்டரை. எட்டரைக் கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். காலையில் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த சனம் பின்னேரம் தங்கள் குடியேற்றத் திட்டங்களுக்குத் திரும்பிவிடும்; எட்டரைக்கு நிற்பவன்தான் ஊர்க்காரன். மேல்மாடியில் எத்தனை யன்னலில் லைட் எரிகிறது என்றும் பாருங்கள். ஷட்டருக்கு முன்னால் எரியும் விளம்பர லைட் கணக்கில் இல்லை. திருவிழா நாளில் எண்ணாதீர்கள். இரண்டு பட்டினத்திலும் நடுவில் கந்தசாமி கோயில் இருக்கிறது, திருவிழா என்றால் எந்தக் கணக்கும் தலைகீழ்.

ரெப் என்பதால் என்னிடம் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. நீங்களும் ஒரு ஹாட்வெயார்க் கடை முதலாளியோடு பிளேன்ரீ குடித்தால் கிடைக்கும். அவரிடம் விற்பனை எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டார். என்ன சாமான் ஓடுகிறது என்று கேளுங்கள். 2010, 2011இல் கிளிநொச்சியில் கூரைத்தகடும் ஆணியும்தான் ஓடின. பிறகு வீட்டுத்திட்டம் வர சீமெந்தும் கம்பியும். அதன்பிறகு பைப், தண்ணீர்த் தாங்கி, கொமட். தரைக்கு டைல்ஸ் கேட்கத் தொடங்கியபோது சனம் இனி எழும்பிப் போகாது என்று எனக்குத் தெரிந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவன் அந்த மண்ணை நம்புகிறான். வவுனியாவில் அதே காலத்தில் வாங்கியது வேறு: பெயின்ற், பூட்டு, பழைய கட்டிடத்துக்கு மேல் இரண்டாம் தட்டுப் போடக் கம்பி. புதிதாகக் கட்டுகிற ஊரும் திருத்திக் கட்டுகிற ஊரும் ஒரே அளவு சீமெந்து வாங்கினாலும் ஒன்றல்ல. 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது புதிதாகக் கட்டுகிற ஊர்தான் முதலில் நின்றது. அந்த வருசத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நின்று துருப்பிடித்த தூண் கம்பிகளை எண்ணினேன். அதுவும் ஒரு நல்ல கணக்கு: கட்டிடத்தின் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றால் கட்டினவனிடம் ஆசை இருக்கிறது, காசு இல்லை.

காணி விலையால் ஒப்பிடுகிறவர்கள் கவனம். முதல் சிக்கல் அளவு. வவுனியாவில் தரகர் பேர்ச் கணக்கில் சொல்வார், எங்கள் பக்கத்தில் பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். இதை மாற்றாமல் கதைத்து, கிளிநொச்சிக் காணி வவுனியாவை விடப் பல மடங்கு விலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது சிக்கல் பத்திரம். கிளிநொச்சி 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து காணி கொடுத்தார்கள். அதனால் இங்கே பெருவாரியான காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த போமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உறுதிக்காணி போல விற்க, ஈடு வைக்க ஏலாது. துண்டு போடவும் கட்டுப்பாடு. வங்கி மனேச்சர் போமிற்றைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். கடன் இல்லையென்றால் மாடி எழும்பாது. எங்களிடம் மேல்மாடி குறைவு என்று மச்சான் சிரிக்கும்போது அது சோம்பேறித்தனம் இல்லை, பத்திரம் என்று எடுத்துச் சொல்ல இதை வைத்திருக்கிறேன். விலை கேட்கும்போது உறுதியா போமிற்றா என்று பக்கத்தில் எழுதாத கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.

கடதாசியில் ஆதாரம் வேண்டும் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டு சபைகளுக்கும் விண்ணப்பம் போடலாம். வருசவாரியாகக் கொடுத்த கட்டிட அனுமதி, சோலைவரிப் பதிவில் உள்ள வியாபாரக் கட்டிடங்கள், இவ்வளவும் போதும். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கிராம அலுவலர் பிரிவுவாரியாகக் கேளுங்கள். நான் முதல் தடவை அப்படிக் கேட்காமல் விட்டு, பட்டினத்துக் கடையும் வயற்கரை மாட்டுக்கொட்டிலும் ஒரே தொகையில் கலந்த தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். என் மகள்தான் காட்டித் தந்தாள். ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள். ஓகஸ்ட் படத்தில் அறுவடை முடிந்த வயல் வெளுத்துக் கிடந்து கட்டிடத்துக்கு வெட்டின நிலம் போலத் தெரியும், டிசெம்பரில் அதே இடம் பச்சை. இரவு வெளிச்சப் படங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இராணுவ முகாம் வெளிச்சமும் புதிய வீதி விளக்கும் வீட்டு வெளிச்சமும் வானத்திலிருந்து ஒன்றுதான். குளத்தையும் பாருங்கள். நீர்ப்பரப்பின் கரை வருசாவருசம் உள்ளே நகர்ந்தால், அந்தப் பக்கம் கூடின கூரைகளை வளர்ச்சியில் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். ஒரு பெரிய மழையில் கணக்கு திரும்பும். (வவுனிக்குளத்தைத் தேடி வவுனியாவில் அலைய வேண்டாம். அது முல்லைத்தீவு மாவட்டத்தில்.)

பெரிய கட்டிடத் திறப்பு விழாக்களை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. 2016இல் வவுனியாவுக்கு வந்த பொருளாதார மத்திய நிலையத்தை, அதாவது மரக்கறி மொத்தச் சந்தையை, ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று மாதக்கணக்காக அடிபட்டார்கள். கடைசியில் இரண்டும் இல்லாமல் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டின பிறகும் அது வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதே 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு பட்டினத்தைப் பற்றித் திறப்பு விழாக் கல்லைவிட, நெருப்புப் பிடித்தால் வண்டி எத்தனை மணித்தியாலத்தில் வரும் என்ற கேள்வி கூடச் சொல்லும். கரைச்சிக்குச் சொந்தமாகத் தீயணைப்பு வண்டி வந்தது அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழகம் வேறு கதை. அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. ஆனால் அறிவியல் நகரும், வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவும் பட்டினத்துக்கு வெளியே. பிள்ளைகள் சனிக்கிழமை எங்கே வந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவற்றை எந்தப் பட்டினத்தில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

கடைசி விதி: உங்கள் ஊரை நீங்கள் எண்ணாதீர்கள். அவன் உங்கள் ஊரை எண்ணட்டும், நீங்கள் அவன் ஊரை எண்ணுங்கள். சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் கடைகூடத் திறந்திருப்பதாய்த் தெரியும். “அது அவர் கலியாணவீட்டுக்குப் போயிருப்பார்” என்று மனம் சொல்லும்.

இந்த வருசம் அப்படித்தான் செய்தோம். நான் மன்னார் வீதியில், மச்சான் கிளிநொச்சியில், ஒரே இரவு, எட்டரை மணிக்கு. எட்டு ஐம்பதுக்கு என் போன் அடித்தது.

“அத்தான், டிப்போச் சந்திக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள்ள நிக்கிறன். ஐம்பது அடி தாண்டிட்டுது, ஆனா ஒரு கடை தெரியுது, லைட் எரியுது, ரெண்டு மூண்டு பெடியள் நிக்கிறாங்கள்.”

“என்ன கடை?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“போட்டோக்கொப்பி. ஐம்பது அடி தாண்டிட்டுது தானே, விடட்டோ?”

“எழுது,” என்றேன்.